பணிய லயம் வரைபடத்தில் ஏறியது: கோபோ, ஓபன்ஸ்ட்ரீட்மேப், யூமேப் மூன்றையும் இணைத்த அனுபவம்

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து முகவரி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், தபாலகம் உள்ள ஊர், அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து கைமாறிக் கைமாறி வீடு சேரும். கடிதமாவது பரவாயில்லை. நடு ராத்திரியில் பிரசவ வலி எடுத்த பிள்ளைக்கு வாகனம் கூப்பிடும்போதுதான் இந்த முகவரியின் குறை முழுதாகத் தெரியும். ட்ரைவர் மெயின் ரோட்டில் நின்றுகொண்டு போன் எடுப்பார். "கொழுந்து மடுவத்தைத் தாண்டி, கோவிலுக்குக் கீழே, பணிய லயம்" என்று நாம் சொன்னால், வெளியூர்க்காரருக்கு அதில் எது விளங்கும்?

ஆபீஸ் பலகையில் ஒரு ஸ்கொட்லாந்துப் பெயர் இருக்கும். பஸ்ஸில் வேறு பெயர் கேட்கும். உள்ளே குடியிருப்பவர்கள் மேற்கணக்கு, பீலிக்கரை, ஸ்டோர் லயம், பணிய லயம் என்பார்கள். லயம் என்பது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு, பணிய என்றால் கீழே. அந்த உள்பெயர்கள்தான் உண்மையில் வழிகாட்டும் பெயர்கள். ஆனால் நாங்கள் தொடங்கியபோது அவற்றில் ஒன்றுகூட எந்த வரைபடத்திலும் இருக்கவில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அதன் பிறகு அடைமழை என்றாலே எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த நினைப்பு வந்துவிடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக விடுகிறது. அந்தப் பெரிய பிரிவுக்குள் எந்த லயம் எந்தச் சரிவின் அடியில் இருக்கிறது என்பது அங்கே இருப்பவர் வாயால் சொன்னால்தான் வெளியே தெரியும்.

டிக்கோயாப் பக்கம் உள்ள ஒரு தோட்டத்தில் இந்த வேலையை எடுத்துச் செய்தோம். நான் ஹட்டனில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கூட நின்றவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கும் தம்பி ஒருவன், பிள்ளை மடுவத்தில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்யும் அக்கா ஒருவர். எங்களிடம் சர்வரும் இல்லை, காசும் இல்லை. எங்களைப் போல வேறு தோட்டத்தில் யாராவது தொடங்கினால் உதவும் என்றுதான் செய்த விதத்தை விவரமாக எழுதுகிறேன்.

இதற்கென்று புதிதாக ஒரு செயலி எழுதலாம் என்ற பேச்சு முதலில் வந்தது. எனக்கு அதில் விருப்பமில்லை. எழுதுவது பெரிய காரியமில்லை. இரண்டு வருடம் கழித்து அதன் சர்வருக்கு யார் காசு கட்டுவது, எழுதிய பிள்ளை கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு யார் பார்ப்பது? ஏற்கெனவே உலகம் முழுக்க ஆட்கள் பேணிவரும் திறந்த மூல மென்பொருள்கள் இருக்கின்றன. தகவல் சேகரிக்கக் கோபோ, வரைபடத்தைத் தாங்க யாரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப், காட்ட யூமேப். நாம் செய்ய வேண்டியது அவற்றின் பொருத்துகளைச் சரியாகப் பொருத்துவது மட்டும். என் அனுபவத்தில் வேலையின் முக்கால்வாசி அந்தப் பொருத்துகளில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியே பார்த்தால் ஒழுங்காக ஓடும். ஒன்று கொடுப்பதை மற்றது வாங்கும் இடத்தில்தான் கோளாறு வரும்.

இப்படிச் சேர்ந்து வேலை செய்வதில் இலங்கைக்கு நல்ல பெயர் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு லங்கா மென்பொருள் அறக்கட்டளையைச் சுற்றிச் சேர்ந்த தொண்டர்கள் எழுதியதுதான் சஹானா என்ற பேரிடர் முகாமைத்துவ மென்பொருள். காணாமல் போனோர் பட்டியல், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் எல்லாம் அதில் இருந்தன. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மைக்கான விருது அதற்குக் கிடைத்தது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, உலகெங்கும் இருந்த தொண்டர்கள் செய்மதிப் படத்தைப் பார்த்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருக்களை வரைந்தார்கள். இலங்கையில் பிறந்த சஹானாவும் கென்யாவில் பிறந்த உஷாஹிடி என்ற மென்பொருளும் அந்த வரைபடத்தின் மேல் தங்கள் தகவலை வைத்தன. ஒருவர் வரைய, மற்றவர் அதன் மேல் வேலை செய்ய முடிந்தது. அந்த முறையைத்தான் தோட்டத்தின் ஒரு பிரிவு, அதாவது ஒரு டிவிஷன், அளவுக்குச் சுருக்கி எடுத்துக்கொண்டேன்.

எது எங்கே இருக்க வேண்டும்

முதலில் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. ஆசிரியர் வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து, எந்தத் தகவல் எங்கே குடியிருக்க வேண்டும் என்று பேசி முடித்தோம். ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்று கட்டாயம் பழசாகிவிடும். அதனால் ஒன்றுக்கு ஒரு இடம்தான்.

லயம், தண்ணீர் பிடிக்கும் பீலி, கோவில், கொழுந்து நிறுக்கும் கொழுந்து மடுவம், பிள்ளை மடுவம், படிக்கட்டுப் பாதை, வாகனம் போய்த் திரும்பக்கூடிய இடம் ஆகியவற்றின் இருப்பிடமும் பெயரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில். அது பொதுச் சொத்து, யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். ஒரு லயத்தில் நடக்க முடியாத முதியவர்கள் எத்தனை பேர், கைக்குழந்தைகள் எத்தனை என்பது போன்றவை கோபோவில், எங்கள் கணக்குக்குள் மட்டும். ஆட்களின் பெயர் எதிலும் இல்லை. பள்ளிக்கூடம், ஊர் போன்றவற்றின் விபரம், விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில். யூமேப் எதையும் வைத்திருக்காது. மற்ற இடங்களில் இருப்பதை எடுத்துக் காட்டும் கண்ணாடி அது.

இந்தப் பிரிப்பை ஆசிரியர் மிகக் கறாராகப் பிடித்துக்கொண்டார். "எந்த லயத்துல ஆம்பள ஆள் இல்ல, எந்தக் காம்பராவுல வயசானவங்க தனியா இருக்காங்கன்னு ஊருக்கே படம் போட்டுக் காட்டக் கூடாது தம்பி" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. வரைபடம் போடுகிறவர்கள் இதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். திறந்த தரவு என்ற உற்சாகத்தில் எல்லாவற்றையும் பொதுவில் கொட்டிவிட்டால் பிறகு அள்ள முடியாது.

கோபோ ஃபோம்

கோபோ டூல்பாக்ஸ் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மனிதாபிமானப் பிரிவில் இருந்து வளர்ந்தது. அதன் போன் செயலியான கோபோகலெக்ட், வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய ஓடிகே என்ற தகவல் சேகரிப்புத் திட்டத்தின் செயலியில் இருந்து வந்தது. கேள்விகளைப் பிரௌசரில் காட்டும் எங்கேட்டோ என்ற பகுதியையும் கோபோ, ஓடிகே இரண்டும் பயன்படுத்துகின்றன. இரண்டு திட்டத்துக்கும் பொதுவான ஒரு ஃபோம் (கேள்விப் படிவ) மொழி இருக்கிறது: எக்ஸ்எல்எஸ்ஃபோம். எக்செல் தாளில் ஒரு வரிக்கு ஒரு கேள்வி. கேள்வியின் வகை ஒரு பத்தியில், உள்பெயர் அடுத்த பத்தியில், ஆட்கள் படிக்கும் வாசகம் அதற்கடுத்ததில். வாசகத்துக்குத் தமிழுக்கு ஒரு பத்தி, சிங்களத்துக்கு ஒரு பத்தி என்று சேர்த்துக்கொள்ளலாம். இன்று கோபோவில் போடும் தாளை நாளை ஓடிகேயில் ஏற்றினாலும் பெரும்பாலும் அப்படியே ஓடும். ஒரு நிறுவனம் கதவை மூடினாலும் நம் உழைப்பு தங்கும் என்பதால் எனக்கு இது பெரிய விஷயம்.

ஃபோமில் பெயருக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தோம், ஆபீசில் எழுதும் டிவிஷன் பெயர்களை வைத்து. பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் அக்கா அதைப் படித்துக் காட்டினார். "கீழ்க்கணக்குங்கிறது ஆபீஸ்ல எழுதுறது. நாங்க பீலிக்கரைன்னுதான் சொல்லுவோம். கீழ்க்கணக்குன்னு கேட்டு வந்தா அந்தப் பக்கம் பணிய லயத்துக்குத்தான் அனுப்புவாங்க" என்றார் பாட்டி. அந்த ஒரு பேச்சில் ஃபோமின் வடிவம் மாறிவிட்டது. ஆபீஸ் பெயருக்கு ஒரு கேள்வி, வாயில் வழங்கும் பெயருக்கு இன்னொரு கேள்வி. இரண்டாவதற்குக் குரல் பதிவும் வைத்தோம். எப்படி எழுதுவது என்பதைப் பிறகு ஆறுதலாகக் கேட்டு முடிவு செய்ய அது உதவியது. முடிந்ததும் பதிவுகளை அழித்துவிட்டோம்.

நல்ல வேளையாக ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலும் இதற்கு இடம் இருக்கிறது. பொதுப் பெயருக்கு ஒரு குறிச்சொல், மாற்றுப் பெயருக்கு ஒன்று, உள்ளூர் வழக்குப் பெயருக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் மொழி வாரியாகத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று தனித்தனியே எழுதலாம். ஃபோமின் கேள்விகளை இந்தக் குறிச்சொற்களுக்கு நேர் நேராக அமைத்துவிட்டால் பின்னால் மொழிபெயர்த்து மாற்றும் வேலை மிச்சம். கேள்வியை எழுதும்போதே அது போய்ச் சேரும் இடத்தை நினைத்து எழுத வேண்டும்.

மலையில் ஜிபிஎஸ்

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் போனோம், மற்ற நாட்களில் ஆட்கள் மலையில் கொழுந்து எடுக்கப் போய்விடுவார்கள். ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை என்பதைக் கூட வந்த பிள்ளைகளுக்கு நம்பவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. சிக்னல் ஒரு கோடுகூட இல்லாத பள்ளத்திலும் போன் வானத்துச் செய்மதியைப் பிடிக்கும். டேட்டா இல்லாவிட்டால் முதல் தடவை இடம் காட்டக் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

பள்ளத்தில் சிரமம் வேறு. ஒரு பக்கம் செங்குத்தான மலை வானத்தில் பாதியை மறைக்கும். பீலிக்கரையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றால் துல்லியம் 30 மீட்டர் என்று காட்டும், மெதுவாக 18க்கு வரும், 11க்கு வரும், ஒரு யூக்கலிப்டஸ் மரத்தடிக்கு நகர்ந்தால் மறுபடி ஏறும். கோபோகலெக்ட் 5 மீட்டருக்குள் வந்தால் தானாகவே பதிந்துகொள்ளும். அதுவரை பொறுமையாக நிற்க வேண்டும். மூடுபனி இதைக் கெடுக்காது. மலையும் மரமும் தகரக் கூரையும்தான் கெடுக்கும். சுவரோரமாக நிற்காமல் லயத்து வாசலில் இருந்து நாலு அடி வெளியே வந்து நின்றால் நன்றாக எடுக்கும்.

எழுத்துக் குழப்பம்

சேர்த்த பெயர்களை ஒரே தாளில் வைத்து, ஒரே இடத்தை இரண்டு பேர் பதிந்திருக்கிறார்களா என்று கணினியைக் கொண்டு ஒப்பிட்டபோது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற பெயர்களைக் கணினி வெவ்வேறு என்றது. தமிழில் வேலை செய்யும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இது.

'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். 'க'வுக்குப் பின் 'ொ' என்ற ஒரே குறி வரலாம்; அல்லது கொம்பும் துணைக்காலும் தனித்தனி இரண்டு குறிகளாக வரலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றேதான். ஒரு போனின் விசைப்பலகை ஒரு விதமாகவும் இன்னொன்று மற்ற விதமாகவும் எழுதும். 'கொழுந்து மடுவம்' என்று இரண்டு பேர் எழுதினால் கணினிக்கு அது இரண்டு மடுவம். இதைத் தீர்க்க யூனிகோட் தரமே ஒரு வழி வைத்திருக்கிறது. என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தும் முறை அது. பைத்தன் நிரல்மொழியில் ஒரு வரி போதும். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி உள்ளே வரும் எழுத்தையெல்லாம் கேட்காமலே இப்படி ஒழுங்குபடுத்திவிடும். எக்செல் தாள் அதைச் செய்யாது. ஆகவே ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போகும் வாசலில் நாம் செய்ய வேண்டும்.

இதைவிடக் கஷ்டமானது 'ஔ'காரம். 'மௌன்ட்' என்று தொடங்கும் தோட்டப் பெயர்கள் எங்கள் பக்கம் உண்டு. பலர் 'ௌ' குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு, 'ம' எழுதி, பக்கத்தில் 'ள' எழுத்தையே போட்டுவிடுகிறார்கள். பார்வைக்கு வித்தியாசம் மிகக் குறைவு. இதை என்எஃப்சி தீர்க்காது, ஏனென்றால் யூனிகோடின் கணக்கில் அது உண்மையிலேயே வேறு எழுத்து. தேடி மொத்தமாக மாற்றவும் முடியாது. 'வெள்ளை', 'தெளிவு' போன்ற சொற்களில் அதே வரிசை முறையாகவே வருகிறது. ஆகவே இதை ஆள்தான் பார்க்க வேண்டும். ஆசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுப் பட்டியலையும் வரி வரியாகப் பார்த்துத் தந்தார்.

இடத்தைக் குறிக்கும் எண்களிலும் இப்படி ஒரு வாசல் இருக்கிறது. கோபோ ஒரு புள்ளியைப் பதியும்போது முதலில் அகலாங்கு, பிறகு நெட்டாங்கு, பிறகு உயரம், துல்லியம் என்று எழுதும். பிரௌசரில் வரைபடம் காட்டும் லீஃப்லெட் என்ற நிரல் நூலகமும் அகலாங்கைத்தான் முதலில் கேட்கும். ஆனால் இடையில் பயணிக்கும் ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவத்தில், 2016இல் வந்த அதன் தர ஆவணத்தின்படி, நெட்டாங்குதான் முதலில். ஹட்டன் ஏறத்தாழ 6.9 வடக்கு, 80.6 கிழக்கு. மாற்றிப் படித்தால் தோட்டம் 80.6 வடக்கில், ஸ்வல்பார்ட் தீவுகளுக்கு அப்பால் ஆர்க்டிக் கடலில் போய் விழும். கோபோவில் இருந்து ஜியோஜேசனாகவே ஏற்றுமதி செய்தால் அது வரிசையைச் சரியாக மாற்றித் தரும். தாளில் கையால் வெட்டி ஒட்டுவதைவிட அதுவே பாதுகாப்பு.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுவது

கோபோவில் இருந்து எடுத்த கோப்பை அப்படியே மொத்தமாக ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கொட்டக் கூடாது. மொத்தத் தரவேற்றத்துக்கு அங்கே தனி வழிமுறை இருக்கிறது, முன்கூட்டியே சமூகத்திடம் சொல்லிக் கலந்துபேச வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு டிவிஷனின் புள்ளிகள்தான். ஆகவே ஜோசம் என்ற தொகுப்பு மென்பொருளில் எங்கள் கோப்பைப் பின்னணி அடுக்காக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பார்த்துக் கையால் சேர்த்தோம்.

லயன்களின் கூரையைச் செய்மதிப் படத்தில் இருந்து வரையலாம், நீண்ட தகரக் கூரை என்பதால் தெளிவாகத் தெரியும். ஆனால் மலைப்பகுதியில் செய்மதிப் படம் தரையில் இருந்து கொஞ்சம் விலகி உட்கார்ந்திருக்கும். சரிவு அதிகமான இடத்தில் விலகலும் அதிகம். அதனால் வரையத் தொடங்கும் முன் படத்தை நம் ஜிபிஎஸ் புள்ளிகளோடு பொருத்தி நகர்த்திக்கொள்ள வேண்டும். கோவில் வாசல், பள்ளிக்கூடத்து மூலை போன்ற தெளிவான புள்ளிகளை இதற்கென்றே முதலில் எடுத்து வைத்திருந்தோம்.

இந்தக் கட்டத்தில் தம்பி கேட்டான்: "அண்ணே, கூகுள்ல ரோட்டுப் பேரு எல்லாம் இருக்கே. பாத்துப் போட்டா சுருக்கா முடிஞ்சிருமே?"

"வேணாம் தம்பி. அது அவங்க சேத்து வச்சது. நம்ம கால் போன இடமும் நம்ம காதால கேட்ட பேரும் மட்டும்தான் இங்க போகணும்."

அவனுக்கு இது பிடிவாதமாகப் பட்டிருக்கும். ஆனால் மென்பொருள்களை இணைக்கும்போது உரிமம்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2012 செப்டெம்பரில் ஓடிபிஎல் என்ற தரவு உரிமத்துக்கு மாறியது. எடுத்துப் பயன்படுத்தலாம், மூலத்தைச் சொல்ல வேண்டும், அதில் இருந்து உருவாக்கும் தரவுத்தளத்தைப் பொதுவில் விட்டால் அதையும் அதே உரிமத்தில் விட வேண்டும். அடுத்த மாதமே தொடங்கிய விக்கித்தரவு சிசி ஸீரோ, அதாவது எந்த நிபந்தனையும் இல்லை. இரண்டும் திறந்தவைதான், இரண்டும் நல்ல நோக்கத்தோடு எழுதியவைதான். ஆனாலும் நிபந்தனை உள்ள இடத்தில் இருந்து நிபந்தனை இல்லாத இடத்துக்குத் தரவை அள்ளிப் போட முடியாது. மறுபக்கமும் விக்கித்தரவின் ஆயங்களில் (அகலாங்கு, நெட்டாங்கு எண்களில்) பல எங்கிருந்து வந்தன என்பது தெளிவில்லாததால், ஓபன்ஸ்ட்ரீட்மேப் ஆட்கள் அவற்றைக் கண்மூடி வாங்குவதில்லை.

இதற்கு அந்த இரண்டு சமூகங்களும் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. தரவை நகல் எடுக்காமல் ஒருவர் எண்ணை மற்றவர் குறித்துக்கொள்கிறார்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு பள்ளிக்கூடத்துக்கோ குளத்துக்கோ விக்கித்தரவு எண்ணை ஒரு குறிச்சொல்லாக எழுதிவிட்டால் போதும். உதாரணத்துக்குக் காசல்ரீ நீர்த்தேக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கரைக்கோடு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இருக்கும், பல மொழிப் பெயர்கள் விக்கித்தரவில் இருக்கும். எண் இரண்டையும் இணைத்திருந்தால், விக்கிப்பீடியாவின் கார்டோகிராஃபர் நீட்சி அந்தக் கரைக்கோட்டை எடுத்து எந்த மொழிக் கட்டுரையிலும் வரைந்து காட்டும். எண்ணை எழுத நல்ல இடம் ஓபன்ஸ்ட்ரீட்மேப் பக்கம்தான், ஏனென்றால் அங்கே ஒரு புள்ளியை யாராவது அழித்துவிட்டுக் கட்டடமாக வரைந்தால் அதன் உள் எண் மாறிவிடும். விக்கித்தரவு எண் மாறாது. நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இதைச் செய்தோம். லயன்களுக்கு விக்கித்தரவில் உருப்படி தேவையில்லை.

காட்டும் பக்கம்

காட்டுவதற்கு யூமேப். முன்பு சொன்ன லீஃப்லெட்டின் மேல் கட்டியது, பிரான்ஸ் ஓபன்ஸ்ட்ரீட்மேப் ஆட்கள் வளர்த்தது. ஒரு அடுக்கின் அமைப்பில் தொலைவில் உள்ள தரவு என்று ஒரு இடம் இருக்கும். அங்கே ஓவர்பாஸ் என்ற வினவல் சேவைக்கான முகவரியைக் கொடுத்தோம்: இந்தச் சதுரத்துக்குள் உள்ள கட்டடம், பீலி, கோவில் எல்லாவற்றையும் கொடு என்று. அடையாளப் பெயருக்கு எந்தப் புலத்தைக் காட்டுவது என்ற இடத்தில் தமிழ்ப் பெயருக்கான குறிச்சொல்லை எழுதினோம். யாராவது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு பெயரைத் திருத்தினால் எங்கள் படத்தில் அது தானாக மாறும்.

இங்கே ஒரு நாகரிகம் இருக்கிறது. ஓவர்பாஸ் சர்வர்கள் தொண்டில் ஓடுபவை. ஒவ்வொரு தடவை பக்கம் திறக்கும்போதும் போய்க் கேட்கக் கூடாது. யூமேப்பில் பதிலை ஒரு நாள் வரை சேமித்து வைக்கும் வசதி உண்டு, அதைப் போட்டுவிட்டோம். தோட்டத்தில் எதுவும் ஒரு மணி நேரத்துக்குள் மாறிவிடப் போவதில்லை. சிக்னல் குறைந்த போனிலும் இதனால் பக்கம் சீக்கிரம் திறக்கிறது.

அப்புறம் தம்பிக்கு ஒரு ஆசை: மலையை முப்பரிமாணத்தில் சாய்த்துக் காட்ட வேண்டும். மேப்லிப்ரே என்ற வரைபட நிரல் நூலகம் அதைச் செய்யும். மேப்பொக்ஸ் நிறுவனம் தன் நூலகத்தின் அடுத்த பதிப்பைத் திறந்த உரிமத்தில் இருந்து மாற்றியபோது, 2020 கடைசியில் பழைய திறந்த பதிப்பில் இருந்து சமூகம் பிரித்தெடுத்து வளர்த்தது அது. தம்பி ஒரு இரவில் செய்து கொண்டுவந்தான். மலை உண்மையிலேயே எழும்பி நின்றது, பார்க்க அவ்வளவு அழகு. பெயர்களைப் படிக்கத்தான் முடியவில்லை. 'மேற்கணக்கு' என்பதில் இரட்டைக் கொம்பு 'ம'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டியிருந்தது. 'கோவில்' உடைந்து கிடந்தது.

எழுத்துரு கோளாறு என்று அவன் வேறு வேறு எழுத்துருவை மாற்றிப் பார்த்தான். காரணம் அதுவல்ல. இந்த வகை வரைபடம் பிரௌசரின் எழுத்து வசதியைப் பயன்படுத்தாமல், ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் தனித்தனிப் படம் வாங்கி வரிசையாக அடுக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'ே' குறி சேமிப்பில் 'ம'வுக்குப் பின்னால் இருக்கும், காட்டும்போது முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்ய ஹார்ஃப்பஸ் போன்ற ஒரு வடிவமைப்பி வேண்டும். சர்வரில் படமாக வரைந்து அனுப்பும் மேப்னிக்குக்குள் ஹார்ஃப்பஸ் இருக்கிறது. எல்லாப் பிரௌசருக்குள்ளும் ஒரு வடிவமைப்பி இருக்கிறது. நாங்கள் எடுத்த மேப்லிப்ரே பதிப்பில் அந்தப் படி இல்லை. எழுத்துரு செய்தவரும் சரி, மேப்லிப்ரே எழுதியவரும் சரி, தத்தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒரு படிதான் குறை.

கைக்கு எட்டிய தீர்வு எளிது. பெயர்களை வரைபடத்துக்குள் வரையாமல், மேலே சாதாரண எச்டிஎம்எல் அடையாளங்களாக வைத்தால் பிரௌசரே எழுத்தைச் சரியாகக் கோக்கும். லீஃப்லெட் எப்போதும் அப்படித்தான் செய்கிறது, அதனால்தான் யூமேப்பில் தமிழ் உடையவில்லை. ஒரு டிவிஷன் அளவு பெயர்களுக்கு இது தாராளமாகப் போதும். பல்லாயிரம் பெயர்கள் என்றால் போன் திணறும். பொதுப் பக்கத்துக்கு யூமேப்பையே வைத்துக்கொண்டு, முப்பரிமாணப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் காட்ட மட்டும் தனியே வைத்தோம்.

அதோடு விடாமல் தம்பியை மேப்லிப்ரேயின் முறைப்பாட்டுப் பக்கத்துக்குக் கூட்டிப்போனேன். இந்தி, பர்மியம், கெமர் எழுதுபவர்கள் அதே பிரச்சினையை ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். புதிதாக ஒன்று திறக்காமல், இருக்கும் பேச்சுக்குக் கீழே தமிழ் மாதிரியைச் சேர்த்தான். உடைந்த படம் ஒன்று, சரியாக வர வேண்டிய படம் ஒன்று, சொல்லின் யூனிகோட் குறிகள் வரிசையாக, எந்தப் பதிப்பு என்ற விபரம். தமிழ் தெரியாத ஒரு நிரலாளர் அதை வைத்துச் சோதிக்க முடிய வேண்டும். அவன் எழுதியதை மூன்று தடவை திருத்தவைத்தேன், கொஞ்சம் சலித்துக்கொண்டான். ஆனால் முறைப்பாடு இப்படி இருந்தால்தான் யாராவது அதைக் கையில் எடுப்பார்கள். மலையகத்தில் இருக்கும் ஒரு பிள்ளையின் உழைப்பு உலகத்தில் தமிழில் வரைபடம் பார்க்கும் எல்லோருக்கும் போய்ச் சேரும் வழி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதே போல ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தின் தமிழ் இடைமுகம் டிரான்ஸ்லேட்விக்கி என்ற தளத்தில் மொழிபெயர்க்கப்படுகிறது. மீடியாவிக்கிக்கும், இணையமில்லாமல் விக்கிப்பீடியா படிக்க உதவும் கிவிக்ஸுக்கும் அதே இடம்தான். ஒரே கணக்கில் நுழைந்து எல்லாவற்றுக்கும் வேலை செய்யலாம். நிரல் எழுதத் தெரியாத ஆசிரியருக்கு இது மிகவும் பிடித்துப்போய், விட்டுப்போன வாசகங்களை இப்போது அவரே பார்க்கிறார்.

இப்போது இருக்கும் நிலை

பிள்ளை மடுவத்துச் சுவரில் ஏ3 தாளில் படத்தை அச்சடித்து ஒட்டியிருக்கிறோம், கீழே ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களின் பெயர் குறிப்போடு. அக்கா ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். தவறு கண்டவர்கள் அதிலேயே வட்டம் போடுகிறார்கள். மாதக் கடைசியில் தம்பி அதைப் படம் பிடித்து வந்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்துகிறான். பாதி வட்டங்கள் படிக்கட்டுப் பாதைகளைப் பற்றியவை. மழையில் எந்தப் படி வழுக்கும், எது ஸ்ட்ரெச்சர் திரும்பாத அளவுக்கு ஒடுக்கம் என்பதெல்லாம் நாங்கள் கேட்க நினைக்காத கேள்விகள். அவற்றை அடுத்த ஃபோமில் சேர்த்துவிட்டோம்.

நாங்கள் எதிர்பாராமல் கிடைத்த பலன் ஓர்கானிக் மேப்ஸ். இணையம் இல்லாமல் ஓடும் இந்தச் செயலி ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவைத்தான் எடுக்கிறது. நாங்கள் ஏற்றிய சில வாரங்களில், வரைபடத்தைப் புதுப்பித்தபோது, 'பீலிக்கரை' என்று தமிழில் தேடினால் இடம் வந்தது. ஹட்டன் டவுனில் ஆட்டோ ஓட்டும் தெரிந்தவர்கள் சிலரின் போனில் அதைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தேடலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எழுத்து மாறினால் அது கண்டுபிடிக்கத் தவறலாம். ஊரின் பெயரையே 'ஹட்டன்' என்றும் எழுதுகிறார்கள், 'அட்டன்' என்றும் எழுதுகிறார்கள். மாற்றுப் பெயர்க் குறிச்சொல்லில் இரண்டாவதையும் எழுதிவிட்டால் எப்படித் தேடினாலும் கிடைக்கும்.

பக்கத்து டிவிஷன் ஆட்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். எக்செல் தாளை அப்படியே கொடுத்தோம். அவர்கள் மாற்ற வேண்டியது டிவிஷன் பெயர்ப் பட்டியலையும் யூமேப் வினவலில் உள்ள சதுரத்தையும் மட்டும். கோபோ கணக்கை அவர்கள் தனியே திறக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார், அவர்கள் லயத்து விபரம் எங்கள் கையில் இருக்க வேண்டியதில்லை. ஏப்ரல் மாத இடிமழை தொடங்குவதற்குள் ஜிபிஎஸ் வேலையை முடித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.